எடைப் புத்தகம் முதலில் சொல்லும்: நீலகிரித் தேயிலைத் தோட்ட நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேலாளர்களுக்கும், ஃபீல்டு ஆபீசர்களுக்கும், டிஸ்பென்சரிப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என்று எந்தப் பக்கத் தோட்டத்தில் மனநோயைப் பற்றிப் பேச்செடுத்தாலும் ஒரே ஆளைத்தான் கைகாட்டுகிறார்கள். பாதையில் தனக்குத்தானே பேசிக்கொண்டு போகிறவர், அல்லது ராத்திரியில் தொழிலாளர்களின் லைன் வீட்டுக் கூரை மேல் கல்லெறிகிறவர். அப்படி யாரும் இல்லையென்றால், "நம்ம எஸ்டேட்ல அந்தப் பிரச்சினை இல்லைங்க" என்று பேச்சு முடிந்துவிடுகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015–16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு வேறு கணக்குச் சொல்கிறது. அதன்படி, பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அந்த நேரத்தில் ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. 500 பேர் வேலை செய்யும் தோட்டத்துக்கு அந்த விகிதம் அப்படியே பொருந்தினால் 50 பேருக்கு மேல் வருகிறது. அதில் கல்லெறிகிறவர் ஒருவரோ இருவரோ இருக்கலாம். மற்றவர்கள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டருக்கு வந்து, கூடையை மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போகிறார்கள். மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான கோளாறுகள் உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை என்பதும் அதே கணக்கெடுப்பு சொன்னதுதான்.

ஆகவே யாரைக் கவனிப்பது என்பதிலிருந்தே தொடங்குகிறோம். ஒருவர் ஊருக்கு வித்தியாசமாகத் தெரிவது நோய்க்கு அடையாளம் ஆகாது. மாரியம்மன் திருவிழாவில் மருள் வந்து ஆடியவர் மறுநாள் வழக்கம்போல வேலைக்கு வந்தால் அங்கே நோய் எதுவும் இல்லை. யாரோடும் சேராமல் தனியாகவே இருந்து பழகியவருக்கும் அதுதான் சுபாவம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 3ஆம் பிரிவில் இதைத் தெளிவாகவே சொல்கிறது: ஊரின் ஒழுக்க, மத, பண்பாட்டு வழக்கங்களுக்கு ஒருவர் ஒத்துவரவில்லை என்பதை வைத்து மனநோய் என்று முடிவுகட்டக் கூடாது. பார்க்க வேண்டியது, அந்த ஆள் தன்னுடைய பழைய நிலையிலிருந்து எவ்வளவு சரிந்திருக்கிறார், எத்தனை நாளாகச் சரிந்திருக்கிறார், அதனால் அவரோ அவரை நம்பியிருப்பவர்களோ எவ்வளவு துன்பப்படுகிறார்கள், உயிருக்கு ஆபத்து உண்டா என்பவற்றைத்தான்.

இதை அளந்து சொல்ல உங்களிடம் ஏற்கெனவே ஒரு கருவி இருக்கிறது. அது, ஒவ்வொருவரும் பறித்த இலையின் எடையைக் குறித்து வைக்கும் பச்சை இலை எடைப் புத்தகம். மூன்று வருடமாக ஒரே அளவில் இலை போட்டுக்கொண்டிருந்த பெண்ணின் எடை, மழையும் கொழுந்தும் நன்றாக இருக்கும் மாதத்தில், பக்கத்து நிரையில் நிற்பவர்களுக்குக் குறையாமல் இருக்கும்போது இவருக்கு மட்டும் வாரா வாரம் இறங்கினால், அது விசாரிக்க வேண்டிய விஷயம். மனச்சோர்வில் கையும் யோசனையும் மந்தமாகும். எந்தக் கொழுந்தை எடுப்பது, எதை விடுவது என்ற சின்ன முடிவுகூட இழுக்கும். திங்கட்கிழமைகளில் மட்டும் ஆள் வராமல் போவது குடியைக் காட்டலாம். பத்து வருடம் சண்டை போடாதவர் எடை போடும் இடத்தில் தினமும் சண்டை பிடிப்பதும், "என் கூடையிலிருந்து இலையை எடுத்துட்டாங்க" என்று எல்லோரையும் சந்தேகப்படுவதும் இன்னொரு விதம். ஒருவரை அவருடைய பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்: இந்தப் புத்தகத்தைப் பார்த்து ஆளைக் கூப்பிட்டுத் திட்டுவதாக இருந்தால், பார்க்காமலே இருப்பது மேல்.

அடுத்தது டிஸ்பென்சரி. மலைத் தோட்டத்தில் மனச்சோர்வு "மனசு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. தலை பாரம், பிடரி இழுப்பு, கை கால் எரிச்சல், நெஞ்சு படபடப்பு, சாப்பாடு இறங்கவில்லை, விடியற்காலை மூன்று மணிக்கே முழிப்பு என்றுதான் வரும். வழக்கமாக நடப்பது ஒரு சத்து ஊசியும் ஒரு வலி ஊசியும். இரண்டு நாள் தெம்பு, பிறகு அதே வரிசையில் அதே ஆள். ஒரே மாதத்தில் மூன்றாவது முறையாகக் காரணம் பிடிபடாத உடம்பு வலியோடு ஒருவர் வந்தால், நர்ஸ் இரண்டே கேள்விகள் கேட்கட்டும். கடந்த இரண்டு வாரத்தில், வழக்கமாகப் பிடிக்கிற காரியங்களில் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் இருந்ததா? மனசு சோர்ந்து, நம்பிக்கை இல்லாமல் இருந்ததா? இல்லவே இல்லை என்றால் 0, சில நாட்கள் என்றால் 1, பாதி நாட்களுக்கு மேல் என்றால் 2, ஏறக்குறைய தினமும் என்றால் 3. இரண்டும் சேர்ந்து 3 அல்லது அதற்கு மேல் வந்தால் பிஎச்கியூ-9 என்னும் ஒன்பது கேள்விப் படிவத்தை முழுமையாகக் கேட்க வேண்டும். அதில் மொத்தம் 27 மதிப்பெண். 10ஐத் தொட்டால் மருத்துவர் பார்க்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றிய எண்ணம். மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அந்தக் கேள்விக்கு "ஆமாம்" என்று பதில் வந்தால் அவரை அன்றைக்கே அனுப்ப வேண்டும். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர்கள்தான் பெரும்பாலும் வாய் திறக்கிறார்கள்.

மாத்திரை எழுதுவதற்கு முன் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிட வேண்டும். ரத்தசோகையும் தைராய்டுக் குறைவும் மனச்சோர்வு மாதிரியே வேஷம் கட்டி வரும். நெஞ்சு அடைக்கிறது, உயிர் போகிற மாதிரி இருக்கிறது என்று ஒருவர் நிரையிலேயே உட்கார்ந்துவிட்டால், பீதித் தாக்குதல் என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். முதல் தடவை என்றால் கட்டாயம் ஈசிஜி எடுங்கள். இதயத்தில் கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகு, அவரிடம் சொல்ல வேண்டியது இதுதான்: இந்தத் தாக்குதல் சில நிமிடத்தில் உச்சத்துக்கு ஏறி, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானாக இறங்கிவிடும். அதுவரை நாலு எண்ணும் நேரம் மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் நேரம் மெதுவாக விடச் சொல்லுங்கள். மருந்து அடித்துவிட்டு வந்தவர் நடுங்கி, வியர்த்து, எச்சில் ஒழுகி, கண்மணி சுருங்கி இருந்தால் அது பதற்றமே அல்ல, பூச்சிக்கொல்லி உடம்பில் ஏறியிருக்கிறது. உடனே 108ஐக் கூப்பிட வேண்டும்.

மனச்சோர்வு மாத்திரைகள் ஏன் பாதியில் நின்றுபோகின்றன என்பதற்குக் காரணம் எளிது. ஃப்ளூவாக்செடின், எஸ்சிட்டலோபிராம் போன்றவை வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். குமட்டல், தலைவலி, கொஞ்சம் படபடப்பு என்று பக்கவிளைவுகள் முதல் வாரத்திலேயே வந்துவிடும். அதாவது முதலில் கெடுதல் தெரியும், நல்லது பிறகுதான் தெரியும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பத்தாம் நாள் மாத்திரை ஓடையில் கிடக்கும். சொல்லிக் கொடுத்தால் தாக்குப்பிடித்துவிடுவார்கள். அடுத்த சறுக்கல் மூன்றாம் மாதம், "நல்லாயிட்டேன்" என்று தானாக நிறுத்துவது. குணமான பிறகும் குறைந்தது 6 முதல் 9 மாதம் தொடர வேண்டும், நிறுத்தும்போதும் மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். இதற்கு நேர்மாறாக, அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகள் சில வாரங்களுக்கு மேல் போகக் கூடாது, பழக்கமாகிவிடும். எங்கள் பகுதியில் நிற்க வேண்டிய மாத்திரை வருடக்கணக்கில் ஓடுகிறது, ஓட வேண்டிய மாத்திரை மாதத்தில் நின்றுவிடுகிறது.

டிஸ்பென்சரிக்காரர்கள் சுவரில் ஒட்டி வைக்க வேண்டிய ஒரு விஷயம் லித்தியம். ஒரு காலம் அளவுக்கு மீறிய உற்சாகம், தூக்கமே வேண்டாம், கைக்காசெல்லாம் தானம், ஓயாத பேச்சு. இன்னொரு காலம் படுத்த படுக்கை. இப்படி மாறி மாறி வரும் இருதுருவக் கோளாறுக்கு லித்தியம் நல்ல மருந்து. ஆனால் நன்மை செய்யும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. ரத்தத்தில் பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும், கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். இடுப்பு வலிக்கு நீங்கள் கேட்டவுடன் கொடுக்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் இரண்டும் இந்த அளவை ஏற்றிவிடும். ரத்த அழுத்தத்துக்கு வாங்கும் எனலாப்ரில், டெல்மிசார்டானும் ஏற்றும். உடம்பில் தண்ணீர் குறைந்தாலும் ஏறும். காட்டில் கழிப்பறை இல்லாததால் காலையிலிருந்து மாலை வரை பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வது உங்களுக்குத் தெரிந்ததுதான். அதே பெண் லித்தியம் சாப்பிடுகிறவராக இருந்து, அவருக்கு வயிற்றுப்போக்கும் வந்து, மேலே ஒரு வலி ஊசியும் போட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கை பெரிதாக நடுங்குவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது, வாந்தி: இவை வந்தால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். லித்தியம் சாப்பிடுகிறவருக்கு வலி என்றால் பாரசிட்டமால் போதும். நடமாடும் கழிப்பறையை ஏன் மனநலக் கோரிக்கையில் சேர்க்கிறீர்கள் என்று கேட்டால், இதுதான் பதில்.

இன்னொன்று, கடுமையான மனநோய்க்கு ஹாலோபெரிடால் போன்ற மருந்து தொடங்கிய முதல் சில நாட்களில் சிலருக்குக் கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொள்ளும், கண்கள் மேலே சொருகும், நாக்கு தடித்து வெளியே வரும். பார்க்கிற வீட்டார் பேய் பிடித்ததாகவே நினைப்பார்கள், மருந்தின் மேல் உள்ள நம்பிக்கை அன்றோடு போய்விடும். இது மருந்தின் பக்கவிளைவு. புரோமெத்தசின் ஊசி போட்டால் பெரும்பாலும் அரை மணிக்குள் கழுத்து நேராகிவிடும். அந்த ஊசி உங்கள் அலமாரியில் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

குடியைப் பற்றி நீங்கள் எங்களைவிட அதிகம் அறிந்திருப்பீர்கள். ஆனால் குடிப்பதைவிடக் குடியைத் திடீரென்று நிறுத்தும் வாரம்தான் மருத்துவக் கணக்கில் ஆபத்தானது. கார்த்திகை பிறந்து சபரிமலைக்கு மாலை போட்டதும், வருடக்கணக்காகத் தினமும் குடித்தவர்கள் ஒரே நாளில் விடுகிறார்கள். நல்ல எண்ணம்தான். முதல் நாளிலேயே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் நடுவில் சிலருக்கு நினைவு தடுமாறி, சுவரில் பூச்சி ஊர்கிறது, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று கையை வீசி ஓடுவார்கள். கருப்பு வேட்டியோடு இருப்பவர் இப்படிப் பேசினால் சாமி வந்திருக்கிறது என்று கற்பூரம் ஏற்றுவதுதான் நடக்கும். கவனிக்காவிட்டால் இதில் உயிரே போகும். தினமும் குடிக்கிறவர் கை ஒடிந்து மருத்துவமனையில் படுத்தாலும் மூன்றாம் நாள் இதே கதைதான். மாலை போடும் மாதத்துக்கு ஒரு மாதம் முன்பே, தினமும் குடிப்பவர்களை அழைத்து மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்தும்படி சொல்லுங்கள். டயசிபாம் அல்லது குளோர்டயசிபாக்சைடு கொடுத்து ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாகக் குறைப்பார்கள். தயமின் ஊசி கட்டாயம். தயமின் போடாமல் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினால் மூளைக்குச் சேதம் வரலாம். தெம்புக்கு குளுக்கோஸ் ஏற்றுவது நம் ஊரில் கை வந்த கலை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

குரல் கேட்பது, எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்று உறுதியாக நம்புவது போன்ற கடுமையான நோய்கள் எண்ணிக்கையில் குறைவு. அங்கே நாள் கடத்துவதுதான் கெடுதல். மந்திரிக்கப் போவதை நாங்கள் தடுக்கவில்லை. கயிறு ஒரு கையில், மாத்திரை மறு கையில் இருக்கட்டும். "கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும்" என்பதை மட்டும் தயவுசெய்து யாரும் ஆமோதிக்க வேண்டாம், இரண்டு குடும்பம் கெடும். கட்டி வைப்பதும் சங்கிலி போடுவதும் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவின்படி எந்த வடிவத்திலும் தடை செய்யப்பட்டவை. 2001 ஆகஸ்ட் 6இல் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த இல்லத்தில் தீ பிடித்தபோது 28 பேர் வெந்து செத்தது சங்கிலியால்தான். மூர்க்கமாக இருப்பவரைக் கையாள ஆள் பலம் போதாது என்றால் 108ஐயும் காவல் நிலையத்தையும் கூப்பிடுங்கள். தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் அலைகிறவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது அதே சட்டத்தின் 100ஆம் பிரிவின்படி காவல்துறையின் கடமை. பிரசவமான பெண்களில் ஆயிரத்தில் ஒருவர் இருவருக்கு முதல் இரண்டு வாரத்தில் கடுமையான மனநோய் வரும். பிள்ளை தூங்கும்போதும் தாய் நாள்கணக்கில் தூங்காமல், பேச்சு தொடர்பில்லாமல் போவது முதல் அறிகுறி. பச்சை உடம்புக்காரி, பத்தியம் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தாய், பிள்ளை இருவர் உயிரும் இதில் இருக்கிறது.

பூச்சிமருந்துக் கிடங்கைப் பற்றி ஒரு வார்த்தை. பூச்சிக்கொல்லியும் களைக்கொல்லியும் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பது, ஒரு கோபத்துக்கும் ஒரு மரணத்துக்கும் நடுவே இருக்கும் நேரத்தைச் சுருக்கிவிடுகிறது. அந்த நேரத்தைக் கடந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறகு அந்த முடிவுக்குத் திரும்புவதில்லை. உங்கள் தொழிலாளர்களில் பலருக்கு இன்னும் உறவினர்கள் இருக்கும் இலங்கையில், கொடிய பூச்சிக்கொல்லிகளை 1990களிலிருந்து ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். 1995இல் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் அடுத்த 20 ஆண்டுகளில் பாதிக்கும் கீழே போனது. ஆகவே, கிடங்குக்கு இரட்டைப் பூட்டு, சாவி இரண்டு பேரிடம். கலக்கியது மீந்தால் அன்றே திரும்ப வர வேண்டும். காலி டப்பா எண்ணி வாங்கப்பட வேண்டும், லைனுக்குத் தண்ணீர் பிடிக்கப் போகக் கூடாது. சொந்தமாகக் கேரட், உருளை போடுகிறவர்களுக்கு வீட்டுக்கு வெளியே பூட்டுப் பெட்டி கொடுங்கள். யாராவது பூச்சிக்கொல்லியைக் குடித்துவிட்டால், போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து உண்மையை மறைக்க வேண்டாம். மனநலச் சட்டத்தின் 115ஆம் பிரிவு அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309 போன்ற பொதுவான பிரிவும் இல்லை. என்ன குடித்தார் என்பதை டப்பாவோடு சொன்னால்தான் மருத்துவர் சரியான சிகிச்சை கொடுக்க முடியும்.

இவ்வளவும் தெரிந்தும் குடும்பங்கள் ஏன் மறைக்கின்றன? வீடு வேலையோடு ஒட்டியிருக்கிறது. "மெண்டல்" என்று பேர் விழுந்தால் வேலை போகும், வேலை போனால் லைன் வீடு போகும். இந்தப் பயத்தைத் தீர்க்காமல் முகாம் மேல் முகாம் போட்டாலும் யாரும் வர மாட்டார்கள். சிகிச்சையில் இருப்பதை வைத்து யாரையும் வேலையிலிருந்து எடுக்க மாட்டோம், வீட்டைக் காலி செய்யச் சொல்ல மாட்டோம் என்று எழுதி, மஸ்டர் நடக்கும் இடத்தில் ஒட்டுங்கள். டான்டீ போன்ற அரசு நிறுவனங்களுக்கு இது சலுகையே அல்ல. வேலையில் இருக்கும்போது மாற்றுத்திறன் ஏற்பட்டவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 20ஆம் பிரிவில் சொல்கிறது. லீவுச் சீட்டில் நோயின் பெயர் தேவையில்லை, "மருத்துவ ஓய்வு" போதும். மாத்திரை வாங்க வருபவர்களைத் தனி வரிசையில் நிறுத்த வேண்டாம், பிரஷர் மாத்திரை வரிசையே போதும். புதிதாக மருந்து தொடங்கியவருக்கு இரண்டு வாரம் மருந்தடிப்பு, செங்குத்துச் சரிவு, ஃபேக்டரி ரோலர் வேலை வேண்டாம். தூக்கக் கலக்கம் இருக்கும்.

மொழியையும் யோசியுங்கள். ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்களுக்குத் தமிழில் கேள்வி கேட்டால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி-மானஸின் எண் 14416, இலவசம், இரவு பகல் எப்போதும் உண்டு, தமிழோடு இந்தியிலும் பேசலாம். பணியர், காட்டுநாயக்கர், இருளர் குடும்பங்களுக்கு அவர்கள் ஊர்ப் பெண்களில் ஒருவரை நர்ஸோடு உட்கார வையுங்கள்.

கடைசியாக, மழை. கூடலூரிலிருந்து உதகை போக சுமார் 50 கிலோமீட்டர் மலைப்பாதை, பந்தலூர்க்காரர்களுக்கு இன்னும் அதிகம். மாதா மாதம் மாத்திரைக்காக ஒரு நாள் கூலியையும் பஸ் காசையும் விட வேண்டியிருக்கிறது. ஜூன், ஜூலையில் மண் சரிந்து பாதை அடைத்தால் அதுவும் முடியாது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. நிலையாக இருக்கும் மனநல நோயாளிகளின் மாத்திரையும் அதே பையில் வர வேண்டும் என்று மாவட்டச் சுகாதார நிர்வாகத்தைக் கேட்டிருக்க வேண்டியவர்கள் நீங்களும்தான். உங்கள் சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் போனால் எங்கள் கடிதத்தைவிட அதற்கு எடை அதிகம். அது நடக்கும்வரை, மே கடைசிக்குள் ஒவ்வொரு டிஸ்பென்சரியும் தன் பொறுப்பில் உள்ளவர்களின் சீட்டை ஒன்றாகச் சேர்த்து, தோட்ட வண்டியில் ஒரு ஆளை அனுப்பி, மருத்துவர் சம்மதத்தோடு இரண்டு மாத மாத்திரையை முன்கூட்டியே வாங்கி வைக்கட்டும். அதை வாரா வாரம் பிரித்துக் கொடுங்கள். தற்கொலை எண்ணம் இருந்தவர் வீட்டில் மொத்த மாத்திரையும் ஒன்றாகப் போய்ச் சேரக் கூடாது. இரண்டு வாரம், நான்கு வாரத்துக்கு ஒருமுறை கடுமையான மனநோய்க்குப் போடும் ஃப்ளூபெனசின் ஊசியில் இருப்பவர்களின் தேதியைத் தனி நோட்டில் எழுதி, தேதி தாண்டி மூன்று நாளாகியும் வராவிட்டால் நர்ஸ் வீட்டுக்கே போக வேண்டும்.

இப்படிக்கு,
நீலகிரியில் மனநலப் பணியில் இருப்போர் சிலர்